ஷட்டர் இறங்கியிருக்கிறதா? போர்ட் கொச்சியிலிருந்து அணை ஏரிகளுக்கு

போர்ட் கொச்சியில் தங்குகிறவர்களைச் சுற்றி எங்கும் தண்ணீர்தான். மேற்கே அரபிக்கடல், வடக்கே கப்பல்கள் நுழையும் முகத்துவாரம், கிழக்கே மட்டாஞ்சேரிக் காயல். ஆனால் அது நின்று வேடிக்கை பார்க்கும் தண்ணீர். சீனவலைகளுக்குப் பக்கத்தில் காலை நனைக்கவே யோசிப்போம். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அலையோடு வந்து ஒதுங்கும். கடற்கரையின் மணலைக் கடலே பாதி எடுத்துக்கொண்டுவிடும். தேவாலயங்களையும் டச்சு அரண்மனையையும் யூதத் தெருக் கடைகளையும் பார்த்து முடித்த குடும்பம் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: நல்ல தண்ணீரில் ஒரு படகுச் சவாரி, மரநிழலில் ஒரு மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். முடியுமா?

முடியும். காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் பூதத்தான்கெட்டு, மலங்கரா என்று இரண்டு அணை ஏரிகள் இருக்கின்றன. ஓர் இரவு வெளியே தங்கலாம் என்றால் மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டி. தேக்கடியை இந்த அத்தியாயத்தில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கொச்சியிலிருந்து அது நீண்ட மலைப்பயணம். கம்பம், தேனி வழியாகப் போகிற தமிழ்நாட்டு வாசகருக்கு அது பக்கத்து ஊர். அதைக் கொச்சிப் பயணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

தண்ணீர் யார் கையில்?

எந்த ஏரி, எந்த மாதம் என்று முடிவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த அணையை எதற்காகக் கட்டினார்கள் என்பது. படகு ஓடுமா, கரை சேறாக இருக்குமா, ஏரி என்று ஒன்று இருக்குமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

நம் ஊர்க் கணக்கு மேட்டூர்க் கணக்கு. மழை பெய்தால் அணை நிரம்பும், வெயில் ஏற ஏற வற்றும். பூதத்தான்கெட்டில் இது தலைகீழ். பெரியாற்றின் குறுக்கே 15 ஷட்டர்களோடு நிற்கும் இது உயரமான அணை அல்ல, தாழ்வான தடுப்பணை. வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் வயிறு இதற்குக் கிடையாது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் ஷட்டர்களைத் தூக்கிவிடுவார்கள். அப்போது அங்கே ஏரியே இருக்காது. கலங்கிய செம்மண் நிறத்தில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும், படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மழை ஓய்ந்தபின் ஷட்டர்களை இறக்கி, நீர்மட்டத்தை மெல்ல உயர்த்துவார்கள். இரு கரைக் கால்வாய்களிலும் கோடைப் பாசனத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கடல்மட்டத்திலிருந்து 34.95 மீட்டர் என்பது இதன் முழு மட்டம். ஆக, ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் இங்கே ஏரி தளும்பும். ஆகஸ்டு விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் 'ஏரி எங்கே?' என்று தேடுகிறவர்கள் எல்லோரும் மேட்டூர்க் கணக்கோடு வந்தவர்கள்.

மலங்கராவின் கணக்கு வேறு. அதைப் பாசனத்துக்குக் கட்டினார்கள் என்றாலும் அதை நிரப்புவது மின்சாரம். இடுக்கி அணையில் தேங்கும் பெரியாற்று நீர் திரும்பப் பெரியாற்றுக்குப் போவதில்லை. மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக மூலமட்டத்தில் தரைக்கடியில் இருக்கும் 780 மெகாவாட் மின்நிலையத்துக்கு இறங்கி, சுழலிகளைச் சுற்றிவிட்டு, தொடுபுழா ஆற்றில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வந்து நிற்கும் இடம்தான் மலங்கரா. கேரளத்தில் மின்விசிறியும் ஏசியும் அதிகம் ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் மூலமட்டமும் அதிகமாக ஓடும், ஏரியும் நிறைந்திருக்கும். மழையே இல்லாத நாளிலும் மேலே உற்பத்தி கூடினால் இங்கே ஷட்டர் திறக்கும் என்பது இதன் மறுபக்கம். அணைக்குக் கீழே ஆற்றில் குளிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

மாட்டுப்பட்டி மின்வாரியத்தின் சேமிப்புத் தொட்டி. மழையில் நிரம்பி, கோடையில் இறங்கும். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை கரை பச்சையாக இருக்கும். ஏப்ரலில் தண்ணீருக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு செம்மண் வளையம் தெரியும். அதையும் அழகு என்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை.

ஆகவே, புறப்படுவதற்கு முந்தின நாள் நீங்கள் தங்கியிருக்கும் ஹோம்ஸ்டேக்காரரிடம் சொல்லி ஒரு போன் போடச் சொல்லுங்கள். நீங்களே கேட்பதானால் "ஷட்டர் அடச்சோ? போட் உண்டோ?" என்ற இரண்டு கேள்வி போதும். வானிலைத் துறை எர்ணாகுளம் அல்லது இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடுவது வழக்கம். மலைச்சாலையில் இரவுப் பயணத்துக்கும் தடை வரும். அந்த நாளில் மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதே புத்திசாலித்தனம்.

பூதத்தான்கெட்டு

ஒரு நாள்தான் இருக்கிறது, ஓர் ஏரிதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். போர்ட் கொச்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். படகு, காடு, பறவை, கதை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தேங்கி நிற்கும் பெரியாறு கீழே ஆலுவாவைக் கடந்து, கிளை பிரிந்து, கொச்சிக் காயலில்தான் கலக்கிறது. 1341இல் இந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம்தான் முசிறித் துறைமுகத்தை மூடிக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லி வருகிறார்கள். அது சரி என்றால் போர்ட் கொச்சி என்ற ஊருக்கே காரணம் இந்த ஆறு.

போவது எப்படி? சொந்தக் காரோ வாடகைக் காரோ இருந்தால் தோப்பும்படி, வெண்டுருத்தி பாலம் வழியாக எர்ணாகுளம் கடந்து, திருப்பூணித்துறை, கோலஞ்சேரி, மூவாட்டுப்புழா, கோதமங்கலம் என்று தேசிய நெடுஞ்சாலை 85இல் போகலாம். இதே சாலைதான் மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை போகிறது. கேரளத்தை விட்டுத் திரும்பும் வழியில் பூதத்தான்கெட்டைச் செருகிக்கொள்ள நினைக்கும் மதுரைக்காரர்களுக்கு இது வசதி. காலை ஏழு மணிக்குள் எர்ணாகுளத்தைத் தாண்டிவிடுங்கள். எட்டரைக்குமேல் திருப்பூணித்துறையில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் நாள் குறைந்துவிடும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. போர்ட் கொச்சி கஸ்டம்ஸ் ஜெட்டியிலிருந்து அரசுப் படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ எர்ணாகுளத்துக்கு வந்து, அங்கே ஆட்டோ பிடித்து கேஎஸ்ஆர்டிசி நிலையம் போய், கோதமங்கலம் அல்லது மூணாறு பேருந்து ஏறுவது ஒன்று. வாட்டர் மெட்ரோ போர்ட் கொச்சிக்கு 2024இல் வந்தது. ஹைகோர்ட் துறைக்கு 40 ரூபாய் என்று தொடங்கினார்கள். அரசுப் படகு அதைவிட மிக மலிவு. குளிர்சாதனம் இல்லை, காற்று இருக்கிறது. இன்னொரு வழி, போர்ட் கொச்சியிலிருந்தே ஓடும் தனியார் பேருந்தில் ஆலுவா போய், அங்கிருந்து பெரும்பாவூர் வழியாகக் கோதமங்கலம். ரயிலில் ஆலுவாவில் இறங்கி நேராகப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி.

கோதமங்கலத்தில் தனியார் பேருந்து நிலையத்துக்குப் போய், வடாட்டுப்பாறை போகும் பேருந்தைக் கேளுங்கள். அது பூதத்தான்கெட்டு வழியாகப் போகும். பலகைகள் மலையாளத்தில்தான் இருக்கும், தயங்காமல் நடத்துநரிடம் தமிழிலேயே கேட்கலாம். கோதமங்கலத்தில் தமிழ் புரியாதவர் குறைவு. கழிப்பறை, ஏடிஎம், மருந்துக்கடை எல்லாவற்றையும் இந்த ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2, 3 தேதிகளில் இந்த ஊரைத் தவிர்க்கவும். மார்த்தோமா சிறிய பள்ளியில் எல்தோ மார் பசேலியோஸின் நினைவுத் திருவிழா, கன்னி மாதம் இருபது. தொலைவிலிருந்து நடந்தே வரும் கூட்டத்தில் சாலை அசையாது. திருவிழாவையே பார்க்க வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

தடுப்பணையின் மேல் சாலை போகிறது. மேற்புறம் ஏரி, கீழ்ப்புறம் பாறைகளுக்கு நடுவே ஆறு. படகுத்துறை மேற்புறம். படகுகள் ஆற்றை எதிர்த்து மேலே தட்டேக்காடு, குட்டம்புழா பக்கம் போய்த் திரும்பும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று கணக்குப் பேசுவார்கள். ஏறுவதற்கு முன் இரண்டைத் தெளிவாகக் கேளுங்கள்: கட்டணம் தலைக்கா, முழுப் படகுக்கா? எந்த இடத்தில் திரும்பும்? குறைந்த நேரச் சவாரி அணைக்கு முன்னாலேயே ஒரு வட்டம் அடித்து முடிந்துவிடும். இந்த ஏரியின் சிறப்பு, அகலமாகத் தொடங்கி, போகப் போக இரு கரைக் காடும் நெருங்கி வந்து மறுபடி ஆறாக மாறுவது. அதைப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல.

காலைச் சவாரிதான் நல்லது. வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. அக்டோபர், நவம்பரிலும் மறுபடி ஏப்ரல், மேயிலும் இந்தப் பக்கம் மதியம் இரண்டு மணிக்குமேல் கிழக்கு மலையிலிருந்து மேகம் கிளம்பி இடியோடு மழை கொட்டும். திறந்த ஏரியின் நடுவே இருக்கும்போது மின்னலுக்கு நம் தலைதான் உயரமான பொருள்.

புதிய அணையிலிருந்து காட்டுவழியில் சிறிது தூரம் நடந்தால் பழைய பூதத்தான்கெட்டு. ஆற்றின் குறுக்கே யாரோ அடுக்கி வைத்ததுபோல் பெரும்பாறைகள். பக்கத்துத் திருக்காரியூர் சிவன் கோவிலை மூழ்கடிக்கப் பூதங்கள் ஒரே இரவில் ஆற்றைக் கட்டப் பார்த்ததாம். பாதி வேலை நடக்கும்போது சிவன் சேவல்போல் கூவ, விடிந்துவிட்டது என்று பயந்து போட்டது போட்டபடி பூதங்கள் ஓடிவிட்டதாம். கல் கிடக்கும் விதத்தைப் பார்த்தால், அவசரத்தில் விட்டுப்போன கட்டட வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரியாறு பாசனத் திட்டத்தின் பொறியாளர்கள் 1960களில் அதே இடத்துக்கு அருகே ஆற்றைக் கட்டினார்கள். பூதங்களும் பொறியாளர்களும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்த விஷயம். பாறைகள் வழுக்கும், இடுக்குகளில் சுழல் உண்டு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாவுகிற இளைஞர்களைப் பார்த்து நீங்களும் தாவ வேண்டாம். மழைக்காலத்தில் இந்தப் பாதையில் அட்டை ஏறும். சிறிய பொட்டலத்தில் உப்போ சுண்ணாம்போ வைத்துக்கொள்ளுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

பறவைகளில் ஆர்வம் இருந்தால் தட்டேக்காட்டைத் தனியாகவே திட்டமிட வேண்டும். 1933இல் திருவாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுத்த சாலிம் அலி, தீபகற்ப இந்தியாவிலேயே பறவை வளம் மிகுந்த இடங்களில் ஒன்றாக இதைக் கண்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1983இல், 25 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டு, இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பகலில் காய்ந்த இலைபோலக் கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் தவளைவாயனைத் தேடி வெளிநாடுகளிலிருந்து ஆள் வருகிறார்கள். அதை நாமாகக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணிக்குக் காட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பதால் முந்தின இரவு கோதமங்கலத்திலோ தட்டேக்காட்டிலோ தங்க வேண்டியிருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் சேர்ந்திருக்கும். படகிலேயே பார்த்துவிடலாம் என்றால் நீர்க்காகம், பாம்புத்தாரா, மீன்கொத்தி நிச்சயம். இருவாச்சிக்குக் கொஞ்சம் கொடுப்பினை வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சாலையோரக் கடைகளில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் குடம்புளி போட்ட மீன்குழம்பும் கிடைக்கும். அந்தக் குழம்பின் புளிப்பு நம் புளிக்குழம்பு அல்ல. முதல் வாயில் முகம் சுளித்தவர்கள் மூன்றாம் வாயில் இன்னொரு கரண்டி கேட்பார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கோதமங்கலத்திலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. கட்டுச்சோறு கொண்டுவந்தால் இலையிலோ டப்பாவிலோ கொண்டு வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குக் கேரளத்தில் 2020 ஜனவரி முதல் தடை இருக்கிறது. காட்டை ஒட்டி மீந்த சோற்றைக் கொட்டுவதும் தவறு. அந்த வாசனைக்கு வருவது காக்கை மட்டும் அல்ல.

இங்கே யானை உண்டு. வடாட்டுப்பாறை, இடமலையாறு பக்கமாகப் போகும் சாலையில் பொழுது சாய்ந்தபின் பைக்கில் போகக் கூடாது. பகலில் வழியில் யானையைக் கண்டால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். திருப்ப முடிந்தால் திருப்புங்கள், இல்லாவிட்டால் பின்னால் நகருங்கள். ஐந்து மணிக்குக் கோதமங்கலம் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

படகில் ஏறும் முன்

மற்ற வழிகாட்டி நூல்களில் இந்தப் பகுதி இரண்டு வரியாக இருக்கும். கேரளத்தில் அப்படி எழுத முடியாது. 2007 பிப்ரவரி 20ஆம் தேதி தட்டேக்காட்டில், இதே நீரில், பள்ளிச் சுற்றுலா வந்த படகு மூழ்கி மாணவர்களும் ஆசிரியர்களுமாக 18 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே 7ஆம் தேதி மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் இருட்டியபின் ஓடிய படகில் 22 பேர். மூன்றும் புயலில் நடந்தவை அல்ல. அதிக ஆள், ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம், தகுதி பார்க்காத படகு, அணியாத ஜாக்கெட் என்று விசாரணைகளில் பேசப்பட்டவை எல்லாம் கரையில் நிற்கும்போதே நம் கண்ணுக்குத் தெரியக்கூடியவை.

ஆகவே, படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். எழுதவில்லை என்றால் ஏறாதீர்கள். உங்களுக்கு முன் ஏறியவர்களை எண்ணுங்கள். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதும் முதுகுக்குத் திண்டாக வைப்பதும் எங்கும் பார்க்கும் காட்சி. மாட்டி, எல்லாப் பட்டைகளையும் கட்டி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. குழந்தைக்குக் குழந்தை அளவில் கேளுங்கள், இல்லை என்றால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை. புடவை கட்டியவர்கள் முந்தானையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கரையில் யானையோ மானோ தெரியும்போது எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவதுதான் இரண்டு அடுக்குப் படகுகளில் பெரிய ஆபத்து. தேக்கடி விபத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. உட்கார்ந்தபடியே பாருங்கள், யானை பெரிய பிராணி, உட்கார்ந்தாலும் தெரியும்.

சூரியன் இறங்கியபின் எந்தப் படகிலும் ஏற வேண்டாம். 'கடைசி டிரிப், பாதி விலை' என்று கூப்பிட்டால் இன்னும் வேகமாக நடையைக் கட்டுங்கள்.

ஏரியில் குளிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. அணை ஏரியின் அடி ஆற்றுப்படுகைபோல் சரிந்து போகாது. மூழ்கிய மேடும் வெட்டிய குழியும் மரத்தூருமாக இருக்கும். இடுப்பளவு நிற்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி இரண்டு ஆள் ஆழம். அணைக்குக் கீழே ஆழம் குறைந்த பாறைகளும் அப்படித்தான், ஷட்டர் எப்போது தூக்கும் என்பது நம் கையில் இல்லை. சைரன் கேட்டால் துணியை எடுக்காமல் கரையேறுங்கள்.

மலங்கரா

படகுக்காக இங்கே வராதீர்கள், கரைக்காக வாருங்கள். மூவாட்டுப்புழாவில் வலப்பக்கம் பிரிந்து தொடுபுழா வழியாகப் போக வேண்டும். நடுவே வாழக்குளம், அன்னாசிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். லாரி லாரியாக மொரீஷியஸ் ரகம் ஏற்றும் சந்தையில் நின்று, வெட்டித் தரச்சொல்லிச் சாப்பிடாமல் போவது பாவம்.

தொடுபுழாவிலிருந்து முட்டம், காஞ்ஞார், மூலமட்டம் போகும் சாலை ஏரியை ஒட்டியே ஓடுகிறது. பேருந்தில் இடம் பிடிக்கும்போதே நடத்துநரிடம் எந்தப் பக்கம் தண்ணீர் என்று கேட்டு உட்காருங்கள். அணையருகே பூங்காவும் குழந்தைகள் விளையாட இடமும் உண்டு. மோகன்லாலின் 'த்ரிஷ்யம்' எடுத்தது இந்தத் தொடுபுழா சுற்றுவட்டாரத்தில்தான். தமிழில் 'பாபநாசம்' ஆன கதை. படத்தைப் பார்த்தவர்கள் வழியெல்லாம் இடம் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். ஏரியை மேலிருந்து முழுதாகப் பார்க்க இலவீழாப்பூஞ்சிறை என்ற மலைக்கு ஜீப் போகிறது. மரமே இல்லாத மொட்டை மலை அது. இடி இடிக்கும் நாளில் ஏறவே கூடாது.

போர்ட் கொச்சிக்காரர்களுக்கு இந்த ஏரியோடு அவர்கள் அறியாத உறவு ஒன்று உண்டு. மேற்குக் கொச்சிக்குக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு, பிறவத்துக்கு அருகே பாழூரில் மூவாட்டுப்புழா ஆற்றிலிருந்து இறைத்து மரடில் சுத்திகரித்து அனுப்புவது. மூலமட்டத்தில் மின்சாரம் எடுத்து, மலங்கராவில் நின்று, ஆற்றில் இறங்கி வரும் அதே தண்ணீர்.

மாட்டுப்பட்டி

தூரம் 150 கிலோமீட்டரை நெருங்குகிறது. காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று வண்டிக்காரர் சொன்னால், அவர் ஓட்டுவார், நீங்கள் உட்கார்ந்து களைத்துப்போவீர்கள். மூணாறில் ஓர் இரவு தங்குங்கள். 1935இல் திறந்த நேரியமங்கலம் வளைவுப் பாலத்தில் பெரியாற்றைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும்.

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். ஹைடல் டூரிசம் நடத்தும் படகுத்துறை. வேகப்படகு, பெரிய படகு இரண்டும் உண்டு. சனி, ஞாயிறில் பத்து மணிக்குமேல் போனால் படகைவிட வரிசையில்தான் அதிக நேரம் இருப்பீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே இருப்பதால் தமிழ் எங்கும் செல்லும். கரையில் நின்று பேச்சுக் கொடுங்கள். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதை அவர்கள் சொல்லும் அளவுக்கு எந்தப் பலகையும் சொல்லாது.

2024 நவம்பர் 11ஆம் தேதி கொச்சி போல்காட்டியில் காயலிலிருந்து கிளம்பிய நீர்விமானம் ஒன்று இந்த ஏரியில் வந்து இறங்கியது, சோதனைப் பறப்பாக. யானைகள் நீந்திக் கடக்கும் ஏரியில் விமானமா என்று வனத்துறை கவலை தெரிவித்தது. வனத்துறை சொன்னதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். இப்போதைக்கு நம் பயணம் சாலையில்தான்.

திரும்பும்போது

பேருந்தில் திரும்புகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் பதற வேண்டாம். கோதமங்கலம், மூவாட்டுப்புழா பக்கத்திலிருந்து வரும் பேருந்துகள் பல வைற்றிலா வழியாக வரும். அங்கேயே இறங்கி, தோப்பும்படிக்கு நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்தால் போர்ட் கொச்சி அதற்கு மேல் சில கிலோமீட்டர்தான். சேறும் அட்டை ரத்தமும் ஏறிய துணிகளை மறுநாள் காலை வேளியில் இருக்கும் தோபிகானாவில் கொடுக்கலாம். அங்கே துவைப்பவர்கள் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள். என்றைக்கு வேண்டும் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வரலாம். மழை நாளாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாகச் சொல்லுங்கள், அங்கே துணி கயிற்றில், வெயிலில்தான் காய்கிறது.